அரண்மனைச் சமையற்காரியும் பேசாலைக் கருவாடும்

2012ஆம் ஆண்டு ரூபவாஹினியில் 'சுஜாத தியணி' என்ற பெயரில் சிங்களம் பேசிய கொரிய நாடகம் பலருக்கும் நினைவிருக்கும். நாடகம் பார்ப்பது சரியா பிழையா என்பது இங்கே நமது விடயமல்ல. ஒரு சரக்கை எப்படி உலகமெல்லாம் விற்றார்கள் என்பதே வியாபாரியின் கேள்வி.

அதன் சொந்தப் பெயர் 'தே ஜங் கும்'. கொரியாவின் எம்.பீ.சீ. நிறுவனம் 2003 செப்டெம்பர் முதல் 2004 மார்ச் வரை 54 பாகங்களாக ஒளிபரப்பியது. லீ பியொங் ஹூன் இயக்க, லீ யொங் ஏ நடித்தார்.

கையிலிருந்த மூலப்பொருள் எவ்வளவு தெரியுமா? 16ஆம் நூற்றாண்டு மன்னர் ஒருவருக்கு வைத்தியம் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி அரச குறிப்பேட்டில் உள்ள சில வரிகள் மட்டுமே. அதில் அரண்மனைச் சமையலையும் மூலிகை வைத்தியத்தையும் சேர்த்துக் கதையாக்கினார்கள். செலவு சுமார் 15 மில்லியன் டொலர். 90 வரையான நாடுகளுக்கு விற்று 100 மில்லியனுக்கும் மேல் வருமானம் வந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஈரானின் அரச தொலைக்காட்சியும் வாங்கி ஒளிபரப்பியது. உடலை மூடிய உடையும் பெரியோரை மதிக்கும் பண்பும் அங்கும் எடுபட்டன.

இது தற்செயலாக நடந்ததல்ல. 1997இல் கொரியா கடனில் மூழ்கி சர்வதேச நாணய நிதியத்திடம் கைநீட்டியது. 1999இல் கலாசாரத் தொழில்களை வளர்க்கச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு நாடகத்தின் பின்னால் கொரிய உணவும் உல்லாசப் பயணமும் விற்பனையாகின. படப்பிடிப்பு நடந்த இடமே பார்வைக்கூடமானது.

இனி நம் கரைக்கு வருவோம். பேசாலையில் காயும் கட்டாவும் சூடையும் சாக்கில் கட்டி லொறியேறுகின்றன. கொழும்பில் இறங்கும்போது அது வெறும் 'மன்னார்க் கருவாடு'. யார் உலர்த்தியது, எப்போது உலர்த்தியது என்று வாங்குபவருக்குத் தெரியாது. பெயரில்லாத சரக்குக்கு விலை சொல்பவர் இடைத்தரகர்தான். தரம் பிரித்து, சிறு பொதியாக்கி, ஊர்ப் பெயரும் திகதியும் நிறையும் அச்சிட்டால் விலையில் நாமும் ஒரு சொல் சொல்லலாம். முதலில் ஐம்பது பொதி போட்டுப் பாருங்கள்.

ஆனால் பெயர் போட்டால் பொறுப்பும் வரும். அரைகுறையாகக் காய்ந்த கருவாடு தராசில் கூடுதலாக நிற்கும், பொதிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நாடகத்தில் சிறுமி ஜங் கும், நாக்குக்குப் பட்ட சுவையை மட்டும் உள்ளபடி சொல்லித்தான் ஆசிரியையின் மதிப்பைப் பெறுகிறாள். நமக்கு அந்தப் பாடம் கொரியாவிலிருந்து வரவேண்டியதில்லை. அளவையில் மோசம் செய்வோரை எச்சரித்தே சூரா அல் முதஃப்பிஃபீன் ஆரம்பிக்கிறது.

பொதியில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். இன்ஷா அல்லாஹ், மிச்சத்தை வாடிக்கையாளரே ஊருக்குச் சொல்வார்.