ருக்பான்: உணவு இருந்தது, அனுமதி இல்லை

ஜோர்டான், சிரியா, இராக் மூன்றும் சந்திக்கும் பாலைவன மூலையில் இருந்தது ருக்பான் முகாம். எல்லையில் இரண்டு நீளமான மண்மேடுகள். சிரியப் போருக்குத் தப்பி வந்தவர்கள் அவற்றுக்கு இடைப்பட்ட வெற்று நிலத்தில்தான் கூடாரம் போட்டார்கள். 2016 ஜூன் 21 அன்று அங்கே வெடித்த கார் குண்டு ஜோர்டான் ராணுவத்தினரைப் பலிகொண்டது. ஜோர்டான் எல்லையை மூடி, அதை ராணுவப் பகுதியாக அறிவித்தது. பொறுப்பேற்றது ஐ.எஸ். அமைப்பு, பட்டினி கிடந்ததோ கூடாரத்துக் குழந்தைகள்.

ஆகஸ்டில் ஐ.நா. அமைப்புகள் ஒரு வழி கண்டன. ஜோர்டான் பக்கம் கிரேனை நிறுத்தி, உணவு மூட்டைகளை மண்மேட்டுக்கு மேலே தூக்கி மறுபக்கம் இறக்கின. 75,000 பேருக்கு மேல் ஒரு மாத உணவு போனது. ஆனால் பங்கிடும் இடத்தில் உதவி ஊழியர்கள் நிற்க முடியாது. முதியவருக்கும் கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கும் பங்கு கிடைத்ததா என்று யார் பார்ப்பது? வேறு வழியில்லாதபோது கிரேனும் நல்லதுதான். அது விநியோக முறை ஆகிவிடாது.

மற்ற வழிகள் ஏன் அடைபட்டன? சிரிய அரசின் ஒப்புதல் இல்லாமலே உதவி அனுப்ப நான்கு எல்லை வாசல்களை ஐ.நா. பாதுகாப்பு அவை 2014இல் அனுமதித்தது. ஜோர்டானில் இருந்த ஒரே வாசலான ரம்தா, மேற்கே வெகு தொலைவில். முகாம் சிரிய மண்ணில் இருக்கிறது, உதவி டமாஸ்கஸிலிருந்து வரட்டும் என்றது ஜோர்டான். அருகே தன்ஃப் தளத்தில் இருந்த அமெரிக்கப் படையைக் காரணம் காட்டி வழிவிட மறுத்தது டமாஸ்கஸ் அரசு. 2018 நவம்பரில்தான் அங்கிருந்து முதல் ஐ.நா. தொடரணி வந்தது. 2019 பிப்ரவரியில் 133 லாரிகள் வந்தன. அந்த செப்டம்பரோடு அதுவும் நின்றது. பிறகு கடத்தல்காரர்கள் கொண்டுவரும் மாவை, அவர்கள் சொன்ன விலைக்கு முகாம்வாசிகள் வாங்கினார்கள். சிரியப் படை பாதையை மறித்தால் அதுவும் இல்லை.

தன்ஃப் தளத்தைச் சுற்றிய 55 கிலோமீட்டர் வளையம் அமெரிக்கக் கட்டுப்பாட்டில் இருந்தது, முகாம் அதற்குள்தான். ஆனாலும் ராணுவ விமானங்களில் மிஞ்சிய இடத்தில் ஒரு தொண்டு நிறுவனம் பொருட்களை ஏற்றிவர 2023 ஆனது. இந்தத் தாமதத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

2024 டிசம்பரில் சிரியாவில் ஆசாத் ஆட்சி வீழ்ந்ததும் ஊர் திரும்பும் பாதை திறந்தது. 2025 ஜூனில் முகாம் காலியானது. 2019 செப்டம்பர் முதல் ஆசாத் வீழும்வரை, ஐந்து ஆண்டுகளில், ஒரு ஐ.நா. தொடரணிகூட அங்கே போகவில்லை.