ஃபனகலோ

ஃபனகலோ என்பது தென்னாபிரிக்காவின் சுரங்கங்களில், வெவ்வேறு மொழி பேசும் தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் தமக்குள் தொடர்புகொள்ளப் பயன்படுத்தி வந்த ஒரு பிட்ஜின் மொழி ஆகும். பொது மொழி இல்லாத மக்கள் ஒரு குறிப்பிட்ட தேவைக்காக உருவாக்கிக்கொள்ளும் எளிமையாக்கப்பட்ட பேச்சே பிட்ஜின் எனப்படுகிறது. அது எவருக்கும் தாய்மொழி அன்று. குடியேற்றவாதக் காலத்தில் தோன்றிய பிட்ஜின்களில் பல, ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கேயம் போன்ற ஆட்சியாளர் மொழிகளின் சொற்களைக் கொண்டவை. ஃபனகலோ இதற்கு மாறாக ஓர் ஆபிரிக்க மொழியான சூலுவை அடிப்படையாகக் கொண்டது. இதன் சொற்களுள் சுமார் 70 விழுக்காடு சூலுவிலிருந்தும், ஏறத்தாழக் கால் பங்கு ஆங்கிலத்திலிருந்தும், எஞ்சியவை ஆபிரிக்கான்சு மொழியிலிருந்தும் வந்தவை.

பல மொழியினர் கூடும் பணியிடத்தில், எல்லோருக்கும் ஏவலைப் புரியவைக்கும் மொழி ஒன்று இருந்தாலும், எல்லோரும் பேச இடமுண்டு என்று ஆகிவிடாது. ஃபனகலோவின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு எனலாம்.

பெயரும் தோற்றமும்

"ஃபன", "கா", "லோ" என்னும் சொற்கள் சேர்ந்து "இதைப் போல" என்று பொருள்படும். வேலையைச் செய்துகாட்டி, "இப்படிச் செய்" என்று ஏவும் தொடரிலிருந்து இப்பெயர் வந்தது. மொழியின் பெயரே ஒரு கட்டளையின் துண்டு என்பது கவனிக்கத்தக்கது.

நட்டால் மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியரே இம்மொழியை உருவாக்கினர் என்று ஒரு கருத்து முன்பு நிலவியது. சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பலில் முதல் தொகுதியினர் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தனர். ஆனால் அதற்கு முன்பே இப்பேச்சு வழக்கில் இருந்ததைப் பழைய பதிவுகளைக் கொண்டு மொழியியலாளர் இராஜேந்து மெசுத்திரி நிறுவினார். கிழக்குக் கேப், நட்டால் பகுதிகளில் ஐரோப்பியருக்கும் கோசா, சூலு மக்களுக்கும் இடையே ஏற்பட்ட தொடர்பிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது தோன்றியிருக்க வேண்டும். எனினும் நட்டாலுக்கு வந்த தமிழரும் தெலுங்கரும் போச்புரி பேசுவோரும் இதனை விரைவில் கற்றுக்கொண்டனர். சூலு மக்களுடன் பேச மட்டுமன்றி, ஆங்கிலம் பரவும் வரை சில வேளைகளில் தென்னிந்தியரும் வட இந்தியரும் தமக்குள் பேசவும் இது உதவியது.

சுரங்கங்களில்

கிம்பர்லியின் வைரமும், 1886இல் விட்வாட்டர்சுராண்டில் கண்டறியப்பட்ட தங்கமும் இம்மொழியை நிலத்தடிக்குக் கொண்டு சென்றன. மொசாம்பிக், லெசோத்தோ, மலாவி, பொட்சுவானா ஆகிய நாடுகளிலிருந்தும் கிழக்குக் கேப்பிலிருந்தும் ஆட்கள் திரட்டப்பட்டனர். 1980களில் தங்கச் சுரங்கங்களில் மட்டும் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். துளைபொறியின் இரைச்சலிலும் தலைவிளக்கின் ஒளியிலும், மேற்கூரைப் பாறை எப்போது சரியும் என்று தெரியாத இடத்தில், ஒரே எச்சரிக்கையை ஐந்தாறு மொழிகளில் சொல்லிக்கொண்டிருக்க இயலாது. ஆகவே புதியவர்களுக்குச் சுரங்கத்தில் இறங்குமுன் ஃபனகலோ கற்பிக்கப்பட்டது. வெள்ளையின மேற்பார்வையாளர்களும் இதைக் கற்றனர். சிம்பாப்வேயில் சிலப்பலப்பா என்றும் சாம்பியாவில் சிக்கபங்கா என்றும் இதன் வகைகள் அறியப்பட்டன.

இலக்கணம்

சூலுவில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, வினையும் அடையும் அவ்வகுப்புக்கு ஏற்ப முன்னொட்டுப் பெறும். ஃபனகலோ இந்த ஒழுங்கை முற்றாகக் கைவிட்டது. "மினா ஹம்பா" என்றால் நான் போகிறேன். "வேனா ஹம்பா" என்றால் நீ போகிறாய். இறந்தகாலத்திற்கு "இலே" என்னும் விகுதி சேரும். "மினா ஹாயி அசி" என்பது "எனக்குத் தெரியாது". சில வாரங்களிலேயே வேலைக்குப் போதுமான அளவு கற்றுக்கொள்ளலாம்.

எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. சூலு சமூகத்தில் மூத்தவரைத் தந்தை என்னும் பொருளில் "பாபா" என விளித்துப் பணிவாகப் பேசுவது வழக்கம். சுரங்கத்திலோ தலைநரைத்த தொழிலாளியையும் இளம் மேற்பார்வையாளர் "வேனா" என்றே அழைத்தார். அணித் தலைவராக இருந்த கறுப்பினத் தொழிலாளிக்குரிய பதவிப் பெயரே "பாசு பாய்", அதாவது தலைமைப் பையன், என்பதாகும். சூலுவைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கு ஃபனகலோ தம் மொழியின் சிதைந்த வடிவமாகவும் ஒலித்தது.

விமர்சனங்கள்

ஃபனகலோ இழிவுபடுத்தும் மொழி என்று கறுப்பினத் தொழிலாளர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. 1982இல் சிறில் ராமபோசாவைப் பொதுச் செயலாளராகக் கொண்டு தொடங்கிய தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் இதனை எதிர்த்தது. இம்மொழிக்கான சொற்றொடர் நூல்களில் ஏவல் வாக்கியங்களே மிகுந்திருந்தன. கேள்வி கேட்கவோ காரணம் சொல்லவோ ஃபனகலோவில் முடியாது என்பதில்லை. அதைக் கேட்பதற்கு எதிரில் ஆள் இல்லை என்பதே உண்மையான குறை.

இதன் விளைவு சிறியதன்று. 1960 சனவரி 21இல் கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கம் இடிந்து 430க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மொழி இவ்விபத்துக்குக் காரணம் அன்று. ஆனால் முதற் சரிவைக் கண்டு வெளியேற முயன்ற தொழிலாளர் சிலர் மீண்டும் உள்ளே அனுப்பப்பட்டதாகக் கூறப்படுகிறது. ஆபத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் பாறையின் அருகில் நிற்பவரே. அவருடைய சொல் மேலே செல்ல வழி வேண்டும். 1996ஆம் ஆண்டின் சுரங்க உடல்நல, பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பணியிடத்தை விட்டு வெளியேறும் உரிமையை ஊழியர்களுக்கு வழங்கியது. அந்த உரிமையைப் பயன்படுத்துபவர் ஏன் வெளியேறுகிறார் என்று விளக்கவும் வேண்டியிருக்கிறது.

தற்கால நிலை

1994க்குப் பின் பல சுரங்க நிறுவனங்கள் பயிற்சியை ஆங்கிலத்துக்கு மாற்ற முற்பட்டன. இதிலும் சிக்கல் எழுந்தது. பள்ளிக்குச் செல்லாத மூத்த தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் ஃபனகலோவைவிட எட்டாததாக இருந்தது. பலருக்கு ஃபனகலோ உடன் உழைத்தவர்களுடன் கேலியும் நட்பும் பகிர்ந்த பேச்சாகவும் ஆகியிருந்தது. முதலாளியின் வாயில் இழிவாக ஒலித்த அதே சொல், தோழரின் வாயில் அப்படி ஒலிக்கவில்லை.

தென்னாபிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு 11 மொழிகளை ஆட்சி மொழிகளாக ஏற்றது. 2023இல் தென்னாபிரிக்கச் சைகை மொழி பன்னிரண்டாவதாகச் சேர்க்கப்பட்டது. ஃபனகலோ இப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆயினும் நிலத்தடியில் அதன் பயன்பாடு முற்றாக நின்றுவிடவில்லை.