கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? பவர் பட்டன் லைட் எத்தனை தடவை சிமிட்டுதுன்னு எண்ணுங்க.. கோளாறு எங்கேன்னு தெரிஞ்சிடும்!

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுத்துகிறது. ஆனால் மானிட்டரில் ஒண்ணுமே வரவில்லை. பவர் பட்டனில் இருக்கும் லைட் மட்டும் விட்டு விட்டு எரிகிறது. இந்த நேரத்தில் பலரும் செய்வது, ஸ்விட்சை நாலைந்து முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதுதான். அப்படியும் சரியாகவில்லை என்றால் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போவார்கள். அங்கே 'போர்டு போச்சு' என்றோ 'ஃபார்மட் பண்ணணும்' என்றோ ஒரு பதில் வரும். அது சரியா, தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாதி பதிலை அந்த லைட்டே சொல்லிவிடும். அது சும்மா சிமிட்டுவதில்லை, கணக்கு வைத்துச் சிமிட்டுகிறது.

லைட் ஏன் சிமிட்டுகிறது?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸ் உடனே வந்துவிடாது. அதற்கு முன்பு மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சின்ன மென்பொருள், பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் என ஒவ்வொரு பாகமும் வேலை செய்கிறதா என்று சோதிக்கும். இதற்குப் பெயர் 'போஸ்ட்' சோதனை.

1981-ல் வந்த ஐபிஎம் பிசி-யிலேயே இந்தச் சோதனை உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சின்ன 'பீப்' சத்தம் வரும். கோளாறு என்றால் சத்தத்தின் எண்ணிக்கை மாறும். இப்போது வரும் பல கம்ப்யூட்டர்களில் அந்த வேலையை லைட் செய்கிறது.

'கோளாறு இதுதான்' என்று ஸ்க்ரீனிலேயே எழுதிக் காட்டலாமே என்று கேட்கலாம். ரேமும் கிராபிக்ஸும் வேலை செய்தால்தான் ஸ்க்ரீனில் எழுத்து வரும். அதுவே பழுது என்றால், மிச்சம் இருக்கும் ஒரே வழி லைட்தான்.

ஃபார்மட் பண்ணினா சரியாகுமா?

இதுதான் முக்கியமான விஷயம். போஸ்ட் சோதனையிலேயே கம்ப்யூட்டர் நின்றுவிட்டால், அது இன்னும் விண்டோஸைத் தொடவே இல்லை என்று அர்த்தம். அதனால் ஃபார்மட் செய்வதாலோ, விண்டோஸை மாற்றிப் போடுவதாலோ அந்தக் கோளாறு போகாது. மாறாக, ஹார்ட் டிஸ்கில் இருக்கும் போட்டோ, கணக்கு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் வீணாக அழிந்துபோகும்.

ரேம் பழுதாகி கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் நிற்பதால் மட்டும் ஹார்ட் டிஸ்கில் உள்ள ஃபைல்கள் காணாமல் போகாது. பதற வேண்டாம்.

எல்லா சிமிட்டலும் கோளாறு இல்லை

பவர் லைட் வெள்ளை நிறத்தில் மெதுவாக, ஒரே சீராகச் சிமிட்டினால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் 'ஸ்லீப்'பில் இருக்கிறது. கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் எழுந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க் லைட் தாறுமாறாக மின்னினால், டிஸ்க் வேலை செய்கிறது என்றுதான் பொருள். நெட் கேபிள் செருகும் இடத்தில் மினுக்கும் லைட்டும் அப்படித்தான். கவனிக்க வேண்டியது, சில முறை சிமிட்டி, இடைவெளி விட்டு, மறுபடியும் அதே கணக்கில் சிமிட்டும் லைட்டைத்தான்.

டெல் கம்ப்யூட்டர் என்றால்..

டெல் டெஸ்க்டாப்களில் பவர் பட்டன் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் சிமிட்டும். முதலில் சில முறை, சின்ன இடைவெளி, பிறகு சில முறை. இரண்டு எண்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சமீபத்திய பல மாடல்களில் இதன் அர்த்தம்:

2, 1 – பிராசஸர் கோளாறு
2, 2 – மதர்போர்டு அல்லது பயாஸ் கோளாறு
2, 3 – ரேம் இருப்பதே தெரியவில்லை
2, 4 – ரேம் பழுது
3, 1 – மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது

இங்கே ஒரு எச்சரிக்கை. மாடல் மாறினால் அர்த்தமும் மாறும். டெல் ஆப்டிபிளெக்ஸ் வரிசையில் சில பழைய மாடல்களில் '2, 4' என்றால் ரேம் இல்லை, பட்டன் பேட்டரி. சில நூறு ரூபாய்கூட ஆகாத பேட்டரிக்குப் பதிலாகப் புது ரேம் வாங்கிவிட்டால் காசு தண்டம்தான். அதனால் கேபினட்டில் ஒட்டியிருக்கும் மாடல் பெயரைப் பார்த்து, அந்த மாடலுக்கான மேனுவலை டெல் இணையதளத்தில் திறந்து, எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பல ஆப்டிபிளெக்ஸ் மாடல்களில் பின்பக்கம், பவர் சப்ளை பக்கத்தில் ஒரு சின்ன சோதனை பட்டன் இருக்கும். அதை அழுத்தும்போது பக்கத்தில் பச்சை லைட் எரிந்தால் பவர் சப்ளை வேலை செய்கிறது. கரன்ட் வந்தும் எரியவில்லை என்றால் சந்தேகம் அங்கேதான்.

ஹெச்பி என்றால்..

ஹெச்பி-யின் அலுவலக டெஸ்க்டாப்களில் இரண்டு நிறம் வரும். முதலில் சிவப்பு நீளமாக, பிறகு வெள்ளை வேகமாக. சிவப்பின் எண்ணிக்கை எந்த வகைக் கோளாறு என்று சொல்லும். 2 என்றால் பயாஸ், 3 என்றால் ஹார்ட்வேர், 4 என்றால் சூடு, 5 என்றால் மதர்போர்டு.

வெள்ளையின் எண்ணிக்கை, அந்த வகைக்குள் எது என்று சொல்லும். சிவப்பு 3, வெள்ளை 2 என்றால் ரேம் பக்கம் பார்க்க வேண்டும். சிவப்பு 3, வெள்ளை 3 என்றால் கிராபிக்ஸ். சிவப்பு 4, வெள்ளை 2 என்றால் பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அசெம்பிள் பண்ணின கம்ப்யூட்டரில்?

இதில் பவர் பட்டன் லைட் எதுவும் சொல்லாது. கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து மதர்போர்டைப் பார்க்க வேண்டும். ஏசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் போன்ற நிறுவனங்களின் பல போர்டுகளில், ஓரத்தில் 4 சின்ன லைட்கள் இருக்கும். பக்கத்தில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கும்.

பலர் மொத்தப் பெட்டியையே சிபியு என்று சொல்வதுண்டு. ஆனால் இங்கே சிபியு என்றால் பிராசஸர் மட்டும். டிரேம் என்றால் ரேம். விஜிஏ என்றால் கிராபிக்ஸ். பூட் என்றால் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி-யில் இருந்து விண்டோஸ் கிடைக்கவில்லை.

ஆன் செய்ததும் 4 லைட்டும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். அது சோதனை நடப்பதன் அடையாளம். எது அணையாமல் நின்றுவிடுகிறதோ, அங்கேதான் சிக்கல்.

டிடிஆர் 5 ரேம் போட்ட புது கம்ப்யூட்டரை முதல் முறை ஆன் செய்யும்போது, ரேம் லைட் சில நிமிடங்கள் எரிந்துகொண்டே இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. அவசரப்பட்டு ஆஃப் பண்ணிடாதீங்க.

வீட்டிலேயே என்ன செய்து பார்க்கலாம்?

1. முதலில் பவர் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்.

2. பாகங்களைத் தொடும் முன் கேபினட்டின் இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடும்.

3. ரேம் கோளாறு என்று காட்டினால், ரேமைக் கழற்றி 'க்ளிக்' சத்தம் வரும்வரை மறுபடி அழுத்திப் போடுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு, ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். எந்த ரேம் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தகராறு என்றால் பழுது ரேமில் இல்லை, போர்டில்.

4. கிராபிக்ஸ் என்று காட்டினால், கார்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அதற்குத் தனி பவர் கேபிள் இருந்தால் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். தனி கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில்தான் செருக வேண்டும்.

5. பேட்டரி என்று காட்டினால், காசு வடிவில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியை மாற்றினால் போதும். ஆன் செய்யும்போதெல்லாம் தேதியும் நேரமும் தப்பாக வந்தாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது. பவர் சப்ளை பெட்டியைத் திறக்காதீர்கள். கரன்ட்டைத் துண்டித்த பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.

கடைக்குப் போகும் முன்..

லைட் ஒரு திசையைக் காட்டும், தீர்ப்பு சொல்லாது. 'ரேம்' என்று காட்டினாலும் காரணம் ஸ்லாட்டாக இருக்கலாம், பிராசஸர் சரியாக உட்காராததாகவும் இருக்கலாம். மாற்று பாகம் போட்டுப் பார்க்கும் வசதி கடையில்தான் உண்டு. அதனால் மெக்கானிக் தேவையே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். சிமிட்டும் லைட்டை ஒரு நிமிடம் செல்போனில் வீடியோ எடுங்கள். எண்ணிக்கை, நிறம், மாடல் பெயர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 'ஃபார்மட் பண்ணணும்' என்று சொன்னால், 'ஸ்க்ரீனே வரலையே, அதுக்கு எதுக்கு ஃபார்மட்?' என்று கேளுங்கள். 'போர்டு போச்சு' என்று சொன்னால், வேறு ரேம் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.