பொத்தானை அழுத்திய பின் ஒரு வினாடி

லாரியில் வந்த மூட்டை கிழிந்திருந்தால், நஷ்டஈடு கேட்கும்போது படம் கையில் இருப்பது நல்லது. 2000-க்குப் பிறகு நம்மில் பலர் சிறிய டிஜிட்டல் கேமரா வாங்கியது இதற்காகவும்தான். ஆனால் பருப்பு சிந்தும் நேரம் பார்த்து அழுத்தினால், மூட்டை போய்விடும். சுமை தூக்குபவரின் முதுகுதான் படத்தில் விழும்!

அக்காலச் சிறு கேமராக்கள் பலவற்றில், அழுத்திய பிறகுதான் லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து தெளிவான இடத்தைத் தேடும். அதற்கே அரை வினாடி, ஒரு வினாடி ஓடிவிடும். குடோன் இருட்டில் இன்னும் தாமதம். ஃபிளாஷ் ஒருமுறை மின்னினால், அது மறுபடி சார்ஜ் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். பாட்டரி தளர்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

விளம்பரங்களோ மெகாபிக்சலையே பெரிதாகப் போட்டன. தராசை அதன் பளபளப்பைப் பார்த்து வாங்குவதற்கு ஒப்பானது இது. 2009-இல் வந்த கேசியோ எஃப்சி100 என்ற சிறு கேமரா வினாடிக்கு 30 படம் எடுத்தது. அப்படி வேகம் காட்டியவை சிலவே.

இன்று செல்போன் வந்துவிட்டது. பழைய கேமராவை இன்னும் வைத்திருப்போர், மூட்டை இறங்கும் இடத்தைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்திருங்கள். லென்ஸ் அப்போதே தயாராகிவிடும். தருணம் வந்ததும் மீதியை அழுத்தினால் தாமதம் பெரும்பாலும் தெரியாது. மூட்டையின் மார்க்கும் லாரி எண்ணும் ஒரே படத்தில் விழும்படி நில்லுங்கள்.