மிதிக்கும் வலுவை அளக்கும் கருவி

சந்தைத் தராசு சரியாக நிறுக்கிறதா என்று பார்க்கும் கண் எங்கள் பெண்களுக்கு உண்டு. அதே கண்ணுடன் பார்க்கவேண்டிய கருவி ஒன்று சைக்கிள் ஓட்டப் போட்டியிலும் இருக்கிறது. வீராங்கனை மிதிக்கும் வலுவை உவாற்றில் காட்டும் வலுமானிதான் அது. 1986இல் இதனை உருவாக்கியவர் ஜேர்மனியப் பொறியியலாளர் உல்ரிச் ஷோபரர். மிதிக்கையில் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்; அந்த வளைவையும் சுற்றும் வேகத்தையும் கொண்டே கணக்கு.

எல்லாக் கருவியும் ஒன்றையே சொல்வதில்லை. பின்சில்லின் நடுவில் பொருத்துவது சற்றுக் குறைத்துக் காட்டும். சங்கிலி தின்றது போக மிச்சம்தானே அங்கே வரும்! விலை குறைந்தவை பல இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கிவிடும். இங்கேதான் கவனம் வேண்டும். இடது காலில் முன்பு காயம்பட்ட ஒருத்தி அக்காலால் 90, மற்றக் காலால் 110 உவாற்று மிதித்தால் உண்மை 200. கருவியோ 180 என்று காட்டும். உழைப்புப் போதவில்லை என்று அவள் தன்னையே நோவாள். பிழை 2 சதவீதம்தான் என்று விற்பவர் சொல்வது அளந்த காலுக்கு மட்டுமே.

இரு காலையும் அளக்கும் கருவி வாங்க இயலாதவர்கள் ஒரே கருவியையே தொடர்ந்து பாவிப்பது நல்லது. வெப்பம் மாறினால் அளவும் மாறும். ஆகவே ஓடுமுன் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிறை தெரிந்த படிக்கல்லை மிதியில் தொங்கவிட்டுச் சரிபார்ப்பவர்களும் உண்டு.