மாரிக் குளிரில் மரத்தைப் போர்த்தலாமா?

மாரி தொடங்கினால் எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் சில வீடியோக்கள் சுற்றத் தொடங்கும். பழமரத்தின் அடியில் மண்ணைக் குவிப்பது, தண்டைத் துணியால் சுற்றுவது, கன்றை அப்படியே பொலித்தீனால் மூடிக் கட்டுவது. பெரும்பாலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிற உறவுக்காரர் அனுப்புபவை. வீரமுனையில் ஒரு வளவில் தேசிக் கன்றொன்றுக்கு இதையெல்லாம் அப்படியே செய்திருந்ததைப் பார்த்தேன். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த முறைகள் வேறொரு குளிருக்கு உண்டானவை. நம்முடைய மாரியில் அவற்றைச் செய்தால், காப்பாற்றப் போட்ட மண்ணே கன்றைக் கொன்றுவிடும்.

இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்த நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. மழையோடு வந்த குளிர்காற்றே காரணம் என்று சொல்லப்பட்டது. மாடே தாங்காத குளிரை மரம் எப்படித் தாங்கும் என்று பலர் கேட்டார்கள்.

மாட்டின் உடல் எப்போதும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். நனைந்த உடலில் காற்று அடித்தால் அந்தச் சூடு வேகமாக இறங்கும். மரத்துக்கு அப்படிக் காக்கவேண்டிய உடற்சூடு இல்லை. சுற்றியிருக்கும் காற்று எந்த வெப்பநிலையில் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே நிலையில்தான் இலையும் இருக்கும். நமக்கு உடம்பு நடுங்கும் காற்று, கொய்யா இலையை உறைய வைத்துவிடாது. அதற்கு வெப்பநிலை 0 பாகை செல்சியஸை எட்டவேண்டும். அம்பாறைக் கரையோரத்தில் அது நடப்பதில்லை.

இலங்கையில் உறைபனியைப் பார்க்க நுவரெலியாவுக்குப் போகவேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கும் ஊர் அது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கும் இரவுகளில், பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் வானத்துக்கு விட்டுவிடும். நிலத்தை ஒட்டிய காற்று மிகவும் குளிர்ந்து, விடியும்போது புல்லில் வெள்ளை படர்ந்திருக்கும். கலங்களைச் சுற்றியுள்ள நீர் உறைந்து அவை சிதைவதால், வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து வெந்ததுபோலக் கருகிவிடும்.

குளிர் நாட்டார் மரத்தைப் போர்த்துவது இதற்காகத்தான். போர்வை சூடு தருவதில்லை. நிலத்திலிருந்து எழும் வெப்பம் தப்பிப் போகாமல் பிடித்து வைக்கிறது. அதனால்தான் அதை நிலம்வரை இறக்கிவிடுகிறார்கள். தோட்டங்களில் இரவு முழுக்க நீர் தெளிப்பதும் உண்டு. நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் கிளையை 0 பாகைக்கு அருகில் நிறுத்திவைக்கும். இடையில் நிறுத்தினால் சேதம் கூடும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. 1894 டிசம்பர் இறுதியில் வந்த உறைபனியில் தோடை மரங்கள் இலையும் காயும் இழந்தாலும், பல உயிரோடு இருந்தன. ஜனவரி வெதுவெதுப்பில் துளிர்விட்டன. 1895 பெப்ரவரியில் இரண்டாவது உறைபனி வந்தது. சாறு ஓடத் தொடங்கியிருந்த மரங்கள் அடியோடு பட்டுப்போயின. குளிர்காலத்தில் இளங்கன்றின் ஒட்டுக்கு மேலேவரை மண் அணைப்பது அங்கே நிலைத்த வழக்கம். மேற்பகுதி கருகினாலும் ஒட்டு பிழைத்துவிடும். ஆனால் குளிர் முடிந்ததும் அந்த மண்ணை எடுத்துவிடுவார்கள். ஈரமண் தண்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பட்டை அழுகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நம்முடைய மாரியில் அந்த ஈரம் நாட்கணக்கில் காயாது. வானம் மூடியிருக்கும், வாடை அடிக்கும், மழை விடாது. மேகமே நிலத்தின் வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் தனியாகப் போர்வை தேவையில்லை. பொலித்தீனுக்குள் காற்றோட்டம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். இங்கே மரத்தைக் கொல்வது வேரடியில் நிற்கும் நீர். மண்ணின் இடுக்குகளில் நீர் நிறைந்தால் வேருக்கு மூச்சு இல்லை. பப்பாசி 2 நாள் தாங்குவதே கடினம். தேசியும் தோடையும் மெதுவாக அடியழுகலுக்கு ஆளாகும். கடற்கரை மணலில் நீர் சீக்கிரம் வடியும். வீரமுனை, சம்மாந்துறைப் பக்கத்து வயலோரக் களிமண்ணில் வடியாது.

ஆகவே மாரிக்கு முன் செய்யவேண்டியவை வேறு. வளவின் தாழ்ந்த பக்கம் பார்த்து வாய்க்கால் வெட்டி நீருக்கு வழி விடுங்கள். புதுக்கன்று வைப்பதென்றால் மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். மேட்டின்மேல் நடுவதும், நட்ட கன்றின் தண்டை மண்ணால் மூடுவதும் ஒன்றல்ல. சருகும் வைக்கோலும் போட்டால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுங்கள். உரப்பையில் இருக்கும் நாற்றுகளுக்கு வடகிழக்குப் பக்கம் கிடுகு மறைப்பு போதும். நீர் நிற்கும்போது உரம் போடவேண்டாம். வேரடி மண்ணை மிதித்து இறுக்கவும் வேண்டாம். கன்று வாடுகிறதென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

குளிர் எல்லா மரத்துக்கும் பகையுமல்ல. மாமரம் பூப்பதற்குக் குளிர்ந்த இரவுகள் உதவுகின்றன. பூத்தபிறகு பெய்யும் மழைதான் பூவைக் கருக்கிவிடுகிறது. மாரியில் வளவைச் சுற்றி வரும்போது பார்வை மரத்தின் அடிக்குப் போகட்டும். மழை விட்டு ஒரு நாளாகியும் அங்கே நீர் நிற்கிறதென்றால், மண்வெட்டியை எடுக்கவேண்டிய நேரம் அது.