ஸுபஹுக்குப் பின் ஓர் ஓட்டம்

சாதாரண தரம் படிக்கும் வரை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் 200 மீற்றர் ஓடியவள் நான். உயர்தரத்திற்கு வந்த பின்னர் பாடசாலை, பிரத்தியேக வகுப்பு, படிப்பு மேசை என்று நாள் முழுவதும் கதிரையிலேயே கழிந்தது. ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்கச் சிறிது தூரம் ஓடியதற்கே மூச்சுவாங்கி நின்றுவிட்டேன். அதே மாதத்தில்தான் உம்மாவின் இரத்தத்தில் சீனியின் அளவு எல்லையைத் தொட்டிருப்பதாக வைத்தியர் கூறினார். சாப்பாட்டைக் குறைக்கவும் தினமும் நடக்கவும் சொன்னார். எங்கள் உம்மம்மா சீனி வருத்தத்தால் கால் விரலை இழந்தவர். ஆகவே அந்தச் செய்தி வீட்டில் எல்லோரையும் கலங்க வைத்தது.

உம்மாவும் நானும் இரண்டு முறை நடக்கத் தொடங்கினோம். இரண்டு முறையும் ஒரு வாரத்திலேயே கைவிட்டோம். ஒருநாள் மழை, ஒருநாள் தெருநாய்கள், இன்னொரு நாள் "இந்த நேரத்தில எங்க போறீங்க?" என்ற கேள்வி. மூன்றாம் முறை, எமது ஊர்ப் பெண்களின் ஓட்டக் குழுவில் சேர்ந்தோம். இன்று எட்டு மாதங்களாகின்றன. இன்னும் விடவில்லை.

ஓட்டக் குழு என்றதும் போட்டி, பதக்கம் என்று நினைக்க வேண்டாம். வாரத்தில் மூன்று நாட்கள் ஸுபஹ் தொழுகையின் பின்னர் கடற்கரையில் கூடுகிறோம். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் வழிநடத்துகிறார். முதலில் ஐந்து நிமிடங்கள் நடை. பின்னர் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடங்கள் நடை என எட்டுத் தடவைகள். பழகப் பழக ஓடும் நேரம் கூடும். பக்கத்தில் வருபவருடன் கதைத்துக்கொண்டே ஓட முடிந்தால் அதுவே சரியான வேகம் என்பார் ஆசிரியை. கதைக்க முடியாமல் மூச்சுத் திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இதனால் உடலுக்கு என்ன கிடைக்கிறது? ஓடும்போது எமது தசைகள் இரத்தத்திலுள்ள குளுக்கோசை எடுத்து எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. தொடர்ந்து செய்து வந்தால் இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது. இதயம் வலுப்பெறுகிறது. எம் வயதில் கால்களில் விழும் சுமை எலும்புகளை உறுதியாக்குகிறது. 17 வயது வரையிலானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களும், வளர்ந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்களும் உடலை இயக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்?

இவை தனியே ஓடினாலும் கிடைக்கும் நன்மைகளே. ஆனால் தனியே ஓடியிருந்தால் நான் எட்டு மாதங்கள் ஓடியிருக்க மாட்டேன். நான் எழும்பாவிட்டால் பக்கத்து வீட்டுச் சாச்சி கேற்றைத் தட்டுவார். பரீட்சைப் பயத்தில் தூக்கமின்றித் தவித்த நாட்களில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் ராத்தா ஒருவர் தான் படித்த விதத்தை ஓடிக்கொண்டே சொல்லித் தந்தார். பதினாறு வயதும் ஐம்பது வயதும் இப்படிச் சேர்ந்து கதைக்கும் இடம் எமது ஊரில் வேறெங்கே இருக்கிறது?

வாப்பா முதலில் சம்மதிக்கவில்லை. எங்கே, யாருடன், என்ன உடையில் என்று கேட்டார். நியாயமான கேள்விகள்தான். எல்லோரும் பெண்கள், வயதில் மூத்தவர்கள் உடன் இருக்கிறார்கள், தளர்வான பருத்தி உடையும் ஹிஜாபும் ஓட்டத்திற்குத் தடையில்லை என்று உம்மா விளக்கினார். இப்போதும் சில நாட்களில் வாப்பா சைக்கிளில் கடற்கரை வரை வந்து, நாங்கள் சேர்ந்துவிட்டதைப் பார்த்த பிறகே திரும்புவார்.

பெண்கள் ஓடுவது எமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்களும் ஆயிஷா (ரழி) அவர்களும் ஓட்டப் போட்டி வைத்ததும், முதன்முறை ஆயிஷா (ரழி) அவர்கள் முந்தியதும் அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ளது. 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் மொரோக்கோ நாட்டின் நவால் எல் முதவக்கில்.

சில அவதானங்களும் தேவை. ஆஸ்துமா, இதய நோய், சீனி வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். காலுக்குப் பொருத்தமான சப்பாத்து அவசியம். வலி வந்தால் நிறுத்த வேண்டும். நோன்பு காலத்தில் நாங்கள் ஓடுவதில்லை, மாலையில் மெதுவாக நடப்போம்.

உம்மாவின் கடைசிப் பரிசோதனையில் சீனி குறைந்திருந்தது. சோற்றைக் குறைத்ததும் ஒரு காரணம், ஓட்டமும் ஒரு காரணம். இப்படியே தொடரும்படி வைத்தியர் சொன்னார்.

உங்கள் ஊரில் குழு இல்லையா? மூன்று பேர் போதும். ஓர் இடம், நிச்சயமான நாட்கள், பொறுப்பான ஒரு பெரியவர். இவை இருந்தால் தொடங்கலாம். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மகளை மட்டும் அனுப்பாதீர்கள், உம்மாமார்களும் கூடவே வாருங்கள்.